ஓ.எஸ். போடும் அந்த ஒரு மணி நேரம்



சென்ற மாதம் ஒருநாள் இரவு பத்தரை மணிக்கு எனக்கு ஒரு தொலைபேசி அழைப்பு வந்தது. பேசியவன் எங்கள் தெருப் பிள்ளை. கல்லூரியில் முதலாமாண்டு. கோடை விடுமுறையில் ஜவுளிக்கடையில் வேலை பார்த்துச் சேர்த்த பணத்தோடு அப்பா கொடுத்ததையும் சேர்த்து எடுத்துக்கொண்டு, ரயிலேறிச் சென்னை ரிச்சி தெருவுக்குப் போயிருக்கிறான். மதர்போர்டு ஒரு கடையில், பிராசஸர் வேறொரு கடையில், கேபினெட் இன்னொரு மாடியில் என்று ஏறி இறங்கி விலை விசாரித்து வாங்கி வந்து, வீட்டுக் கூடத்தில் பாய் விரித்து உட்கார்ந்து இரண்டு நாளாக மாட்டியிருக்கிறான்.

"சார், எல்லாம் மாட்டிட்டேன். ஃபேன் சுத்துது, லைட் எரியுது. ஆனா கறுப்பு ஸ்க்ரீன்ல 'நோ பூட்டபிள் டிவைஸ்'னு வந்து நிக்குது. போர்டு போயிடுச்சா சார்?" என்றான். குரல் கம்மியிருந்தது.

"வாழ்த்துகள் தம்பி" என்றேன்.

அவன் ஒரு நிமிடம் பேசவே இல்லை. அந்த வாழ்த்தை நான் மனமாரச் சொன்னேன். அந்த ஒரு வரி திரையில் வர வேண்டுமானால் எவ்வளவு நடந்திருக்க வேண்டும் என்று பாருங்கள். எஸ்.எம்.பி.எஸ். சரியான மின்னழுத்தம் கொடுத்திருக்க வேண்டும். பிராசஸர் உயிர்பெற்றிருக்க வேண்டும். ரேம் தன் இடத்தில் சரியாக அமர்ந்து, சோதனையில் தேறியிருக்க வேண்டும். திரைக்குப் படம் அனுப்பும் பகுதி வேலை செய்திருக்க வேண்டும். இத்தனையையும் சோதித்து முடித்த பிறகுதான் இயந்திரம், 'என் பங்கு முடிந்தது, இனி நான் யார் சொல் கேட்க வேண்டும்?' என்று கேட்கிறது. அந்தக் கேள்விதான் அந்த வரி. எட்டு முனை மின்கம்பியை மாட்ட மறந்தவர்களுக்கும், ரேமை முழுதாக அழுத்தாதவர்களுக்கும் அந்த வரியைப் பார்க்கும் பேறு கிடைப்பதில்லை. அவர்கள் திரை வெறும் கறுப்பாகவே நிற்கும். புதிய டி.டி.ஆர்.5 ரேம் போட்ட சில போர்டுகள் முதன்முறை தம்மைச் சரிசெய்துகொள்ளவே சில நிமிடம் எடுத்துக்கொள்ளும். அந்த நிமிடங்களில் பயந்துபோய் சுவிட்சை அணைத்துவிடாதீர்கள்.

அந்த வரிக்குப் பிறகு வரும் ஒரு மணி நேரத்தைப் பற்றித்தான் இன்று பேச வந்திருக்கிறேன். நம் ஊரில் இதை 'ஓ.எஸ். போடுவது' என்கிறோம். புத்தகத்தில் 'இயங்குதளம் நிறுவுதல்' என்று எழுதுவோம், வாயில் அது வராது. எனக்கு 'போடுவது' என்ற சொல்லே பிடிக்கும். கோலம் போடுகிறோம், விதை போடுகிறோம், பூட்டுப் போடுகிறோம், கையெழுத்துப் போடுகிறோம். கையால் செய்கிற காரியம், செய்கிறவர் தாமே பொறுப்பேற்கிற காரியம் என்ற பொருள் இந்தச் சொல்லில் இருக்கிறது. ஆனால் கணினி விஷயத்தில் மட்டும் 'போட்டுக் கொடுங்க' என்று கடைக்காரரிடம் நீட்டிவிடுகிறோம். கணினியைத் தன் கையால் மாட்டிய பிள்ளைகள்கூட இந்த இடத்தில் வந்து தயங்கி நின்றுவிடுகிறார்கள். தயங்க வேண்டாம் என்று சொல்லத்தான் இந்தப் பேச்சு.

முதலில் ஒரு புதிர். டிஸ்கில் இருக்கும் எந்த நிரலும் ரேமுக்கு வந்தால்தான் ஓடும். அதை ரேமுக்குக் கொண்டுவர ஒரு நிரல் வேண்டும். அந்த நிரலைக் கொண்டுவருவது எது? நம் வீட்டுப் பெண்கள் இந்தப் புதிரைத் தினமும் இரவில் தீர்க்கிறார்கள். பால் தயிராக உறைமோர் வேண்டும். உறைமோர் வேண்டுமானால் முன்பே தயிர் இருக்க வேண்டும். மதர்போர்டில் ஒட்டியிருக்கும் சின்னஞ்சிறு சிப் ஒன்றில் எழுதப்பட்ட நிரல்தான் கணினியின் உறைமோர். முன்பு அதை பயாஸ் என்றோம். இப்போது வருவது யு.இ.எஃப்.ஐ. மின்சாரம் வந்ததும் பிராசஸர் முதலில் படிப்பது அதைத்தான். அது டிஸ்கைத் தேடி, அங்கே இருக்கும் அடுத்த நிரலை எழுப்பிவிட்டு ஒதுங்கிக்கொள்ளும்.

இந்த உறைமோர் இல்லாத காலமும் இருந்தது. 1975 ஜனவரியில் அமெரிக்காவின் 'பாப்புலர் எலக்ட்ரானிக்ஸ்' இதழின் அட்டையில் ஆல்டேர் 8800 என்ற கணினி வந்தது. பாகங்களாக வாங்கி வீட்டிலேயே பற்றவைத்துச் செய்துகொள்ளும் கணினி. இன்று பாய் விரித்து உட்காரும் நம் பிள்ளைகளுக்கு அதைச் செய்தவர்கள்தாம் முன்னோர். அதன் நினைவகம் 256 பைட். கீபோர்டும் இல்லை, திரையும் இல்லை. முன்பக்கத்தில் வரிசையாகச் சுவிட்சுகளும் சிவப்பு விளக்குகளும் மட்டும். எந்த நிரலையும் ஏற்றுவதற்கு முன், அதை ஏற்றும் சிறு நிரலைச் சுவிட்சுகளை மேலும் கீழும் தட்டித் தட்டி, பைட் பைட்டாக மனிதனே ஊட்ட வேண்டும். மின்சாரம் போனால் எல்லாம் போயிற்று, மறுபடியும் முதலிலிருந்து. இன்று ஒரு பென்டிரைவைச் செருகிவிட்டு டீ குடிக்கப் போகிறோம். அந்த வசதிக்குப் பின்னால் ஐம்பது ஆண்டுகள் இருக்கின்றன.

பென்டிரைவைப் பற்றிச் சொல்ல வேண்டும். நூறு பேரில் பாதிப் பேர் தடுக்கி விழும் இடம் இதுதான் என்பது என் கணிப்பு. இயங்குதளம் ஐ.எஸ்.ஓ. என்ற ஒரே கோப்பாகக் கிடைக்கிறது. அதை இறக்கி, பாட்டு ஏற்றுவது போல பென்டிரைவில் காப்பி செய்து செருகினால் ஒன்றும் நடக்காது. அந்தக் கோப்பு ஒரு முழு டிஸ்கின் அச்சு. அதைப் பிரித்துப் பதிக்க வேண்டும். ரூஃபஸ் போன்ற சிறு மென்பொருள் அதைச் செய்துதரும். பென்டிரைவில் முன்பு இருந்தது எல்லாம் அழிந்துபோகும் என்பதை மறக்காதீர்கள். அக்கா கல்யாணப் போட்டோ இருக்கும் பென்டிரைவை இதற்கு எடுக்காதீர்கள்.

இறக்கிய கோப்பு பழுதில்லாமல் வந்ததா என்று பார்க்கவும் வழி உண்டு. வெளியிட்டவர்கள் அதன் பக்கத்திலேயே 64 எழுத்துகளும் எண்களும் கொண்ட ஒரு தொடரைக் கொடுத்திருப்பார்கள். எஸ்.எச்.ஏ.-256 என்று பெயர். உங்கள் கோப்புக்கும் அந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்க வேண்டும். வழியில் ஒரே ஒரு பிட் மாறியிருந்தாலும் தொடர் முழுக்க வேறாகிவிடும். இரண்டு நிமிட வேலை. செய்யாமல் விட்டால், பாதியில் நின்றுபோகும் நிறுவலோடு இரவு முழுக்கப் போராட வேண்டியிருக்கும்.

கணினியை இயக்கியதும் டெலீட் அல்லது எஃப்2 விசையைத் தட்டிக்கொண்டே இருந்தால் யு.இ.எஃப்.ஐ. அமைப்புத் திரை வரும். முதலில் எதை எழுப்ப வேண்டும் என்ற வரிசையில் பென்டிரைவை மேலே வையுங்கள். சேமித்து வெளியேறுங்கள். அவ்வளவுதான். பெரிய மந்திரம் எதுவும் இல்லை.

அடுத்து வருவது டிஸ்கைப் பிரிக்கும் திரை. இங்கே கொஞ்சம் நின்று பேச வேண்டும், ஏனென்றால் எனக்கு ஒரு காயம் உண்டு.

என் முதல் கணினி 2004இல் வந்தது. பென்டியம் 4, 256 எம்.பி. ரேம், 40 ஜி.பி. ஹார்ட் டிஸ்க். பாகங்களை நானும் நண்பரும் மாட்டினோம். ஓ.எஸ். மட்டும் ஒரு கடையில் கொடுத்துப் போட்டோம். அவர்கள் வழக்கப்படி சி, டி, ஈ என்று மூன்றாகப் பிரித்துக் கொடுத்தார்கள். எதற்கு மூன்று என்று நான் கேட்கவில்லை. அவர்களும் சொல்லவில்லை. என் அக்கா அப்போது எம்.ஃபில். படித்துக்கொண்டிருந்தாள். எங்கள் வட்டாரத்து ஒப்பாரிப் பாடல்களை ஊர் ஊராகப் போய்க் கேட்டு, கையால் எழுதி வந்து, அந்தக் கணினியில் உட்கார்ந்து தட்டச்சு செய்தாள். 212 பாடல்கள். இரண்டு ஆண்டு கழித்துக் கணினி அடிக்கடி ஹேங் ஆயிற்று. கடைக்குத் தூக்கிப் போனேன். மாலையில், "ஃபார்மட் அடிச்சாச்சு சார், இனிமே பறக்கும்" என்று கொடுத்தார்கள். வீட்டுக்கு வந்து திறந்தால் சி மட்டுமல்ல, மூன்றும் வெறுமையாக இருந்தன. அக்காவின் குறிப்பேடுகளில் மிஞ்சியவற்றைக் கொண்டு 90 பாடல்களை மறுபடி தட்டச்சு செய்ய முடிந்தது. மீதிப் பாடல்களைப் பாடிய கிழவிகளில் பலர் அதற்குள் போய்விட்டார்கள்.

கடைக்காரப் பையன் மேல் எனக்குக் கோபம் இருந்தது. பிறகு யோசித்தேன். எங்கே என்ன இருக்கிறது என்று எனக்கே தெரியாதபோது அவனுக்கு எப்படித் தெரியும்? அன்றிலிருந்து இன்றுவரை என் கணினிக்கு நான்தான் ஓ.எஸ். போடுகிறேன்.

ஆகவே டிஸ்க் பிரிப்பதைக் கொஞ்சம் புரிந்துகொள்ளுங்கள். பழைய முறையில் டிஸ்கின் முதல் 512 பைட்டில்தான் எல்லாம் அடங்கியது. 446 பைட் எழுப்பும் நிரலுக்கு, 64 பைட் பாகங்களின் பட்டியலுக்கு, கடைசி 2 பைட் அடையாள முத்திரைக்கு. பட்டியலில் நான்கு இடம்தான். இரண்டு டெராபைட்டுக்கு மேற்பட்ட டிஸ்கை அந்தக் கணக்கால் முழுதாக எட்ட முடியாது. இப்போதைய முறைக்கு ஜி.பி.டி. என்று பெயர். வழக்கமாக 128 பாகம் வரை பட்டியலிடலாம். பட்டியலின் நகல் ஒன்று டிஸ்கின் கடைசியிலும் இருக்கும். முதல் பட்டியல் சேதமானால் நகலைக் கொண்டு மீட்கலாம்.

புது டிஸ்கில் எழுப்பும் நிரலுக்கென ஒரு சிறு பாகம் தேவை, சில நூறு எம்.பி. போதும். நிறுவியே அதை உண்டாக்கிக்கொள்ளும். லினக்ஸ் என்ற இயங்குதளத்தைப் போடுகிறவர்களுக்கு நான் வற்புறுத்திச் சொல்வது ஒன்று: இயங்குதளத்துக்கு ஒரு பாகம், உங்கள் கோப்புகளுக்கு ஹோம் என்று தனியே ஒரு பாகம். மூன்று ஆண்டு கழித்து வேறு இயங்குதளம் போட நினைத்தால் முதலாவதை மட்டும் அழித்துப் போடலாம். உங்கள் எழுத்தும் படமும் இருந்த இடத்தில் இருக்கும். அதற்கு மேலே ஒரு நகல் வேறு டிஸ்கிலும் இருக்கட்டும்.

கணினிக்குள் பழைய டிஸ்க் ஏதாவது மாட்டியிருந்தால், ஓ.எஸ். போடும் முன் அதன் கேபிளைக் கழற்றி வைத்துவிடுங்கள். திரையில் இரண்டு டிஸ்க் தெரியும்போது தூக்கக் கலக்கத்தில் தவறானதைத் தொட்டுவிடுவோம். கழற்றிய டிஸ்கை எந்தத் தவறும் தொட முடியாது.

தவறு எவருக்கும் நேரும் என்பதற்கு ஒரு வரலாறு சொல்கிறேன். 1991 ஜனவரியில் பின்லாந்தின் ஹெல்சின்கியில் லினஸ் டோர்வால்ட்ஸ் என்ற 21 வயதுக் கல்லூரி மாணவர் தவணைக் கடனில் ஒரு 386 கணினி வாங்கினார். 33 மெகாஹெர்ட்ஸ், 4 எம்.பி. ரேம். அதில் அவர் போட்டுக்கொண்டது மினிக்ஸ். ஆம்ஸ்டர்டாம் பேராசிரியர் ஆண்ட்ரூ டானன்பாம் மாணவர்களுக்குக் கற்பிப்பதற்காக எழுதிய இயங்குதளம். மினிக்ஸில் போதாதவற்றைத் தாமே எழுத ஆரம்பித்தார் லினஸ். அது வளர்ந்து வளர்ந்து லினக்ஸ் என்ற தனி இயங்குதளமாக உருவெடுத்தது. அந்த ஆண்டு ஆகஸ்ட் 25 அன்று அதை உலகுக்கு அறிவித்தார். பிறகு ஒருநாள் மோடத்தின் வழியாகப் பல்கலைக்கழகக் கணினியைக் கூப்பிட நினைத்தவர், மோடத்துக்கு அனுப்ப வேண்டிய கட்டளையை ஹார்ட் டிஸ்குக்கு அனுப்பிவிட்டார். மினிக்ஸ் இருந்த பாகம் பாழானது.

மினிக்ஸைத் திரும்பப் போட்டிருக்கலாம். அவர் போடவில்லை. தம் சொந்த லினக்ஸையே முழுதாக நம்பி உட்கார்ந்துவிட்டார். உலகின் மிக வேகமான 500 மீக்கணினிகள் என்று ஒரு பட்டியல் வெளியாகிறது. 2017 நவம்பரிலிருந்து அந்த 500லும் ஓடுவது லினக்ஸ்தான். உங்கள் சட்டைப் பையில் இருக்கும் ஆண்ட்ராய்டு போனின் அடித்தளமும் அதுவே.

எதைப் போடுவது என்ற கேள்விக்கு வருகிறேன். ஆட்டோகேட், டாலி, சில விளையாட்டுகள் என்று உங்கள் படிப்பும் வேலையும் விண்டோஸைக் கேட்டால், விலை கொடுத்து உரிமம் வாங்கிப் போடுங்கள். அதில் இழிவு எதுவும் இல்லை. ஆனால் 'கிராக்' போடாதீர்கள். உரிமத்தை உடைக்கும் அந்தச் சிறு நிரல் உங்களிடம் முதலில் கேட்பது என்ன? வைரஸ் தடுப்பை நிறுத்து, முழு அதிகாரம் கொடு என்கிறது. யார் எழுதினார் என்று தெரியாத ஒரு நிரலுக்கு வீட்டுச் சாவியைக் கொடுத்துவிட்டு, அதே கணினியில் அப்பாவின் வங்கிக் கணக்கைத் திறக்கிறோம். இதை நான் பார்த்துப் பார்த்து மனம் நொந்திருக்கிறேன். திருட்டு என்ற சொல்லை ஒதுக்கி வைத்துவிட்டுப் பாதுகாப்பு என்று மட்டும் பார்த்தாலும் அது கூடாது.

விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 போட டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்பு அமைப்பு வேண்டும். இப்போது வாங்கும் போர்டுகளில் அது இருக்கும். அது இல்லை என்று நிறுவி சொன்னால் யு.இ.எஃப்.ஐ. அமைப்பில் போய் இயக்கிவிட்டால் போதும். பழைய பிராசஸரை வாங்கிக் கணினி மாட்டுகிறவர்கள் இதை முன்பே பார்த்துக்கொள்ளுங்கள்.

மற்றவர்களுக்கு, படிக்கவும் எழுதவும் நிரல் பழகவும் கணினி வேண்டும் என்கிறவர்களுக்கு, லினக்ஸ் போதும் என்பேன். நான் பரிந்துரைப்பது டெபியன். 1993இலிருந்து தன்னார்வலர்கள் கட்டிக் காக்கும் தொகுப்பு. முன்பெல்லாம் அதைப் போட்டால் பல கணினிகளில் வைஃபை வேலை செய்யாது. வைஃபை சிப்புக்கான தனியுரிமை மென்பொருளைத் தனியாகத் தேடி ஏற்ற வேண்டும். 2023இல் வந்த 12ஆம் பதிப்பிலிருந்து அவை நிறுவியோடு சேர்ந்தே வருகின்றன. அப்படியும் வைஃபை வரவில்லையென்றால் கவலை வேண்டாம். உங்கள் போனை யு.எஸ்.பி. கேபிளால் இணைத்து இணையத்தைப் பகிர்ந்து வேலையை முடியுங்கள்.

டெபியன் நிறுவியின் தொடக்கத்திலேயே மொழிப் பட்டியல் வரும். அதில் தமிழ் இருக்கிறது. தேர்ந்தெடுங்கள். கேள்விகள் தமிழில் வரும். யாரோ சிலர் தம் மாலை நேரங்களைக் கொடுத்து, கூலி வாங்காமல் அந்த வரிகளை மொழிபெயர்த்திருக்கிறார்கள். சில சொற்கள் உங்களுக்குப் பிடிக்காமல் இருக்கலாம். பிடிக்காவிட்டால் திருத்தி அனுப்புங்கள், அதற்கும் வழி வைத்திருக்கிறார்கள். விசைப்பலகையில் தமிழ்99ஐச் சேர்த்துக்கொள்ளுங்கள். 1999இல் சென்னையில் நடந்த தமிழிணைய மாநாட்டை ஒட்டித் தமிழக அரசு ஏற்றுக்கொண்ட அமைப்பு அது. ஒரு வாரம் பழகினால் விரல் தானே ஓடும்.

ஒரே கணினியில் விண்டோஸும் லினக்ஸும் போடுகிறவர்கள் மறுநாள் காலையில் ஒன்றைப் பார்த்துத் திகைப்பார்கள். கடிகாரம் ஐந்தரை மணி நேரம் தப்பாக ஓடும். போர்டில் இருக்கும் கடிகாரத்தில் லினக்ஸ் உலகப் பொது நேரத்தை எழுதி வைக்கும். விண்டோஸ் அதை நம் ஊர் நேரம் என்று எடுத்துக்கொள்ளும். இந்திய நேரம் பொது நேரத்தைவிட ஐந்தரை மணி நேரம் முன்னால் இருப்பதால் விண்டோஸில் அவ்வளவு பின்தங்கிக் காட்டும். போர்டு பழுது என்று கடைக்குத் தூக்கிப் போனவர்களை எனக்குத் தெரியும். லினக்ஸில் ஓர் அமைப்பை மாற்றினால் இரண்டும் ஒத்துப்போகும்.

அந்தப் பிள்ளையின் கதையை முடித்துவிடுகிறேன். அன்றிரவே அவன் வீட்டுக்குப் போனேன். கீபோர்டை நான் தொடவில்லை. பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். ஒவ்வொரு திரையையும் அவன் வாய்விட்டுப் படித்தான். புரியாத இடத்தில் நிறுத்தினான், பேசினோம், பிறகு அழுத்தினான். கடவுச்சொல் கேட்ட இடத்தில் நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். நிறுவல் முடிந்தது, பென்டிரைவை எடுத்தான், கணினி தானாக எழுந்தது. அவன் அம்மா அடுக்களையிலிருந்து எட்டிப் பார்த்து, "வந்திருச்சாப்பா?" என்று கேட்டார். அப்போது மணி பன்னிரண்டு இருபது.

மாணவ நண்பர்களே, இந்த மேசைமேல் டெபியன் பதித்த பத்து பென்டிரைவ்கள் வைத்திருக்கிறேன். எல்லாம் 8 ஜி.பி. வேண்டுகிறவர்கள் எடுத்துப் போங்கள். எனக்குத் திருப்பித் தர வேண்டாம். உங்கள் கணினியில் போட்டு முடித்ததும் கணினி மாட்டும் இன்னொரு பிள்ளையிடம் கொடுங்கள். அந்தப் பிள்ளை போடும்போது பக்கத்தில் உட்காருங்கள். கீபோர்டை மட்டும் வாங்கிக்கொள்ளாதீர்கள்.